ஒரு பெட்டியில் இரண்டு குரல்

தீ விபத்துக்குப் பிறகு கலாமணி முதன்முதலாகப் பேசிய சொல் "நன்றிங்க." அவள் சொல்ல நினைத்தது அதுவல்ல.

எதிரே ஆலை மேலாளர் ஆப்பிள் பையோடு நின்றிருந்தார். பக்கத்தில் அவள் கணவன் லோகநாதனும், பெட்டியைச் செய்த இன்சொல் கம்பெனியிலிருந்து வந்த பொறியாளரும், இரண்டு நர்சுகளும். கழுத்தைச் சுற்றியிருந்த பட்டைக்குள் அவளுடைய தொண்டைத் தசைகள் இறுகின. "அச்சுப் பிரிவுச் சாவி அன்னிக்கு எவன் கையில இருந்துச்சு?" என்றுதான் கேட்டாள். இடுப்பில் மாட்டியிருந்த பெட்டி ஒரு கணம் யோசித்துவிட்டு, தேன் தடவிய குரலில் "நன்றிங்க" என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கலாமணி மறுபடி முயன்றாள். "எல்லாரும் நல்லா இருக்கணுங்க" என்றது பெட்டி.

"தசை இன்னும் பழகலைங்க," என்றார் பொறியாளர். "குரல்நாண் முழுசாப் போயிருச்சு. கழுத்துத் தசை அசையறத வெச்சு இந்தப் பெட்டி ஊகிச்சுப் பேசுது. தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பயிற்சி பண்ணச் சொல்லுங்க. போகப்போக அவங்க நெனச்சதே வரும்."

கலாமணி அதை நம்பினாள். திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் இருபது வருஷம் தைத்தவள் அவள். ஓவர்டைம் என்று பெண்களை நிறுத்தி வைத்தால் முதலில் எழுந்து நிற்பவள் அவள்தான். சூப்பர்வைசர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் லவுட்ஸ்பீக்கர். அச்சுப் பிரிவில் ரசாயன டின்கள் பற்றிக்கொண்ட அன்று அவளும் உள்ளே இருந்தாள்; அந்தப் பிரிவின் கதவு வெளியே பூட்டியிருந்தது. பெண்கள் போன் பேச வெளியே போய்விடுகிறார்கள் என்று ஒரு மாதமாகவே அப்படித்தான் பூட்டிக்கொண்டிருந்தார்கள். கதவடியில் ஒடிசாக்காரப் பெண் மினதி செத்துப்போனாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடப் பார்த்த கலாமணியை உயிரோடு வெளியே இழுத்தார்கள். சூடான நச்சுப்புகை அவள் தொண்டையைத் தின்றுவிட்டிருந்தது.

பெட்டியை ஆலைதான் வாங்கிக் கொடுத்தது. வேறு வழியும் இல்லை. இயந்திரங்கள் யார் குரலில் வேண்டுமானாலும் பேசவும் யார் பெயரில் வேண்டுமானாலும் எழுதவும் ஆரம்பித்த பிறகு, அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. வங்கியோ பத்திரப்பதிவோ விசாரணை மன்றமோ, முத்திரை பெற்ற குரல்தான் செல்லும். எழுதிக் கொடுப்பது செல்லாது, போனில் தட்டச்சு செய்து பேச வைப்பதும் செல்லாது. இன்சொல் பெட்டிக்கு அந்த முத்திரை இருந்தது. தீ விபத்து விசாரணைக்காக ஆஸ்பத்திரியிலேயே எடுத்த அவளுடைய வாக்குமூலமும் அதன் குரலில்தான் பதிவானது.

ஆகவே கலாமணி தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அ, ஆ என்று தொண்டையை அசைத்தாள். காய்கறி விலை, பேருந்து எண், தண்ணீர் வரும் நேரம் எல்லாம் சரியாகவே வந்தன. கோபப்படும்போது மட்டும் பிசகியது. கோபத்தில் தசை முறுக்கிக்கொள்கிறது போல என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து, அமைதியாகக் கோபப்படப் பழகினாள். அதிலும் பலன் இல்லை.

வீட்டில் சண்டை நின்றுபோனது. லோகநாதன் பள்ளி வேன் ஓட்டுபவன். முன்பெல்லாம் வேலை முடிந்தாலும் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டு வருவான். இப்போது நேராக வீட்டுக்கு வந்தான். அவள் எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினான். தன்மேல் இரக்கம் வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

ஒரு நாள் அவன் சொன்னான்: "கம்பெனியில தொழிலாளர் வேன் காண்டிராக்ட் தர்றாங்க கலா. மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னாரு. எடுத்துக்கட்டுமா?"

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "அந்தப் பொண்ணு செத்த எடத்துல போயி நீ பொழைக்கப் போறியா? கேஸை முடிக்கத்தான் எலும்பு போடறானுங்கன்னு தெரியலையா உனக்கு?"

"உங்களுக்குச் சரின்னு பட்டா எடுத்துக்கோங்க" என்றது பெட்டி.

அவள் தலையை ஆட்டினாள். கையை ஆட்டினாள். "உடம்ப அலட்டிக்காத, உக்காரு," என்று சொல்லி அவன் தண்ணீர் கொண்டுவந்தான். மறுவாரம் கம்பெனி கொடுத்த வேனோடு அவன் ஆலை வாசலில் நின்றான். அவள் ஒரு தாளில் 'வேண்டாம்னு சொன்னேன்' என்று எழுதிக் காட்டியபோது, "நீதான கலா சரின்ன? என்ற காதால கேட்டனே," என்றான்.

அதன் பிறகுதான் மினதியின் அப்பா வந்தார்.

ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்த மெலிந்த மனிதர். மொழிபெயர்க்க ஆலை விடுதியிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்திருந்தார். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர் கேட்டது ஒரே கேள்விதான். கடைசியில் என் மகளுக்கு என்ன ஆனது?

கலாமணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக, பயிற்சியில் சொன்ன மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "கதவை வெளிய பூட்டி வெச்சிருந்தாங்க. தட்டித் தட்டியே செத்துப் போனா உங்க பொண்ணு. விட்றாதீங்க."

பெட்டி சொன்னது: "வெளிய வரக் கொஞ்சம் தாமதமாயிருச்சுங்க. உங்க பொண்ணு கஷ்டப்படாமப் போயிட்டாங்க. மனசைத் தேத்திக்கோங்க."

பையன் அதை ஒடியாவில் சொன்னான். அந்த மனிதர் கலாமணியின் கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். நீங்கள் சொன்ன பிறகுதான் நிம்மதி என்றார். அவள் பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். வெறும் காற்றுதான் வந்தது. துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்து அவர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

பிசகு என்றால் ஒரு சொல் தவறும், ஒரு எழுத்து மாறும். பூட்டு என்பது தாமதம் என்று எப்படி மாறும்? மறுநாள் காலை கலாமணி பெட்டியைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஷமீலாவின் கடைக்குப் போனாள்.

ஷமீலா பொறியியல் படித்தவள். பெரிய கம்பெனி ஒன்றில் சில வருஷம் இருந்துவிட்டு, பிடிக்காமல் வந்து பழைய பேருந்து நிலையம் பக்கத்தில் கணினி பழுது பார்க்கும் கடை போட்டிருந்தாள். ஒரு காலத்தில் கலாமணியின் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தவள். நடந்ததையெல்லாம் கலாமணி போனில் தட்டச்சு செய்து காட்டினாள். ஷமீலா பெட்டியைத் திரையோடு இணைத்தாள்.

"இப்பப் பேசுங்கக்கா. எதாச்சும்."

கலாமணி பேசினாள். திரையில் இரண்டு வரிகள் ஓடின. ஷமீலா அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மேல இருக்கறது நீங்க சொன்னது. கீழ இருக்கறது அது சொன்னது. படிச்சுப் பாருங்க. இது உங்களைத் தப்பாக் கேக்கலைக்கா. ஒரு எழுத்து விடாம சரியாக் கேட்டுட்டு, மாத்திச் சொல்லுது."

மேல் வரியில் கலாமணியின் வசவு முழுதாக இருந்தது. கீழே, "வணக்கங்க, நல்லா இருக்கீங்களா?" என்று இருந்தது.

கலாமணி தன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவள் நினைத்துப் பார்த்தது அந்தக் கண்ணாடியைத்தான். எத்தனை காலைகள் அதன் முன்னால் நின்று, குறை தன் தொண்டையில்தான் என்று மருகியிருக்கிறாள். கையை எடுத்தபோது முகம் சிவந்திருந்தது. போனை எடுத்து எழுதினாள்: 'இதை அழிச்சிரு.'

"அழிச்சா முத்திரை போயிரும். வெசாரணையில நீங்க ஊமை." ஷமீலா நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டாள். "வேற ஒண்ணு பண்ணலாம். இந்தப் பெட்டி ஒரு கம்ப்யூட்டர்தான். இன்சொல்ங்கறது அதுக்குள்ள குடியிருக்கற சிஸ்டம். அதை அப்படியே வெச்சுட்டு, பக்கத்துலயே இன்னொரு சிஸ்டத்தைக் குடி வெக்கலாம். ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம். உங்களை மாதிரி குரல் போனவங்களே சேர்ந்து எழுதி இலவசமா விட்டிருக்காங்க ஒண்ணு. அது எதையும் மாத்தாது. பெட்டியை ஆன் பண்ணறப்ப எதுன்னு கேக்கும். நீங்க எடுத்துக்கலாம்."

'ரெண்டும் ஒண்ணாப் பேசுமா?'

"பேசாது. ஒரு நேரத்துல ஒண்ணுதான் முழிச்சிருக்கும். மாத்தணும்னா அணைச்சுட்டு ஆன் பண்ணணும். நடுவுல ஒரு நிமிஷம் நீங்க பேச முடியாது."

'செய்.'

ஷமீலா உள்ளே இருந்த எல்லாவற்றையும் முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்தாள். இன்சொல் பரப்பியிருந்த இடத்தைச் சுருக்கி ஓரத்தில் காலியிடம் உண்டாக்கினாள். பென் டிரைவிலிருந்து புதியது அங்கே இறங்கியது. இறங்கிக்கொண்டிருந்தபோதே, "பொதுவா ஒரு அறையும் விட்டு வெக்கறேன்," என்றாள். "நீங்க பேசறப்ப தொண்டை எப்படி அசைஞ்சுதுங்கறது அங்க பதிவாகும். ரெண்டு குடித்தனமும் அதே பதிவைத் தெறந்து படிக்கலாம். ஒரே பேச்சை ரெண்டு பேரும் எப்படிச் சொல்றாங்கன்னு காட்டலாம். நாளைக்குத் தேவைப்படும்."

பெட்டி மறுபடி விழித்தபோது அதன் சின்னத் திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. கலாமணி கீழே இருந்ததை அழுத்தினாள். பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

"நாசமாப் போறவனுங்க" என்றது பெட்டி.

தகரத்தில் கல் உரசுவது போன்ற குரல். ஏற்ற இறக்கம் இல்லை, இனிமை இல்லை. கலாமணி அசைந்தாள், அதுவும் அசைந்தது. அவள் நிறுத்தவில்லை. மேலாளரிலிருந்து தொடங்கி சூப்பர்வைசர், ஆப்பிள் பை, பொறியாளர், கண்ணாடி, வேன் என்று ஒன்று விடாமல் திட்டித் தீர்த்தாள். தேநீர் கொண்டுவந்த கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஷமீலா எழுந்து போய்த் தேநீரை வாங்கி வந்து, அவள் முடிக்கும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

அன்று மாலை லோகநாதன் வீட்டுக்குள் நுழைந்ததும், "வேனைத் திருப்பிக் குடுத்துட்டு வா" என்றது அந்தக் குரல். அவன் திடுக்கிட்டு அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தான், வேறு யாரோ வந்திருப்பதாக நினைத்து.

"நான்தான். இதுதான் நான் பேசறது. அது பேசினது நான் இல்ல."

அவள் விவரமெல்லாம் சொன்னாள். அவள் எதிர்பார்த்த அளவுக்கு அவன் ஆச்சரியப்படவில்லை. கடைசியில், "கேஸுக்கு வேணும்னா இதை வெச்சுக்க. வூட்டுல அந்தப் பழைய கொரலே இருக்கட்டுமே. கேக்க நல்லாருக்குது," என்றான்.

வேனை மட்டும் அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தான்.

விசாரணைக்குச் சில நாள் முன்பு ஒரு காலையில் பெட்டியை ஆன் செய்தபோது எதுவென்று அது கேட்கவே இல்லை. 'இன்சொல் உங்களை வரவேற்கிறது' என்று நேராக விழித்துக்கொண்டது. கலாமணி பேருந்தைக்கூடப் பார்க்காமல் ஷமீலா கடைவரை நடந்தே போனாள்.

"அப்டேட் வந்திருக்குக்கா," என்றாள் ஷமீலா. "இவனுங்க அப்டேட் வந்தா முதல்ல வாசலைத்தான் பிடிப்பானுங்க. பக்கத்துக் குடித்தனம் உள்ள பத்திரமா இருக்கு, ஆனா அதுக்குப் போற வழியைச் சுவர் வெச்சு அடைச்சுட்டானுங்க."

'கேக்காமலா?'

"கேக்காமத்தான்."

அவள் வழியை மறுபடி திறந்தாள். இந்த முறை கம்பெனியிலிருந்து எதுவும் உள்ளே வர முடியாதபடி இணைப்பையே துண்டித்துவிட்டாள்.

விசாரணை கோவையில் நடந்தது. விசாரணை அதிகாரி பத்மாசினி என்ற பெண்மணி. அதிகம் பேசாதவர், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் குறிப்பெடுப்பவர். ஷமீலா உதவிக்கு வந்திருந்தாள். லோகநாதன் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஆலைத் தரப்பு வழக்கறிஞர் ஆஸ்பத்திரியில் பதிவான வாக்குமூலத்தை ஒலிக்கவிட்டார். "வெளிய வரக் கொஞ்சம் தாமதமாயிருச்சுங்க. கம்பெனியில எல்லாரும் நல்லாப் பாத்துக்கிட்டாங்க," என்று தேன் வழிந்தது.

"முத்திரை பெற்ற குரல், மேடம். பூட்டு என்ற சொல்லே இதில் இல்லை."

கலாமணி எழுந்தாள். இன்சொல் விழித்திருந்தது. நடந்ததைச் சொன்னாள். தாமதம், சிரமம், எதிர்பாராதது என்று அது பேசி முடித்தது. பிறகு பெட்டியை அணைத்தாள். மறுபடி அது விழிக்கும்வரை எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் வழக்கறிஞரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷமீலா பெட்டியின் பொது அறையில் இருந்த அதே பதிவைத் திறந்தாள்.

"கதவை வெளிய பூட்டியிருந்தாங்க" என்றது தகரக் குரல். "சாவி சூப்பர்வைசர்கிட்ட இருந்துச்சு. மினதி கதவைத் தட்டினா. நானும் தட்டினேன். வெளிய ஆள் நடமாட்டம் கேட்டுச்சு. தெறக்கல."

வழக்கறிஞர் எழுந்தார். "முத்திரை இல்லாத சிஸ்டம், மேடம். இது எதை வேண்டுமானாலும் சொல்லும்."

"ஆமாம்," என்றார் பத்மாசினி. "இதை நான் சாட்சியமா எடுத்துக்க முடியாது."

கலாமணியின் கை மேஜை விளிம்பைப் பற்றியது. பத்மாசினி பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக நிமிர்ந்தார்.

"முத்திரை இருக்கறதையே போடுங்கம்மா. நான் சொல்றதைச் சொல்லுங்க."

மறுபடி ஒரு நிமிஷம். இன்சொல் வந்தது.

"இந்த அறைக் கதவு பூட்டியிருக்குன்னு சொல்லுங்க."

"இந்த அறைக் கதவு பூட்டியிருக்குங்க" என்றது பெட்டி.

"என் வீட்டுக் கதவு பூட்டியிருக்கு."

"உங்க வீட்டுக் கதவு பூட்டியிருக்குங்க."

"ஆலைக் கதவு பூட்டியிருந்துது."

"ஆலைக் கதவைத் திறக்கறதுல கொஞ்சம் சிரமம் இருந்துச்சுங்க."

பத்மாசினி அதையே வேறு வேறு விதமாகக் கேட்டார். பூட்டு, தாழ்ப்பாள், சாவி. அவருடைய வீட்டுக்கும் அந்த அறைக்கும் அவை இருந்தன. ஆலைக்கு மட்டும் இல்லாமல் போயின. அவர் இன்சொல் பொறியாளரை எழுந்திருக்கச் சொன்னார்.

"யார் இப்படி வைக்கச் சொன்னது?"

பொறியாளர் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டியை வாங்கிக் குடுக்கற நிறுவனத்தைப் பத்தின பேச்சை... கொஞ்சம் மென்மையாக்குவோம் மேடம். ஒப்பந்தத்துல இருக்கு."

"செத்தவளோட அப்பா குடுத்த வாக்குமூலம் எங்கிட்ட இருக்கு. அவர்கிட்ட இது 'கஷ்டப்படாமப் போயிட்டாங்க'ன்னு சொல்லியிருக்கு. அது மென்மையா?"

பழியில் ஒரு பங்கையாவது இறக்கி வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பொறியாளர் சொன்னார்: "எல்லாமே ஆலை சொன்னதில்லைங்க மேடம். வீட்டுப் பேச்சுக்குக் குடும்பத்தார்கிட்டக் கேட்டுத்தான் வைப்போம். எவ்வளவு மென்மை வேணும்னு கேட்டேன். இவங்க வீட்டுக்காரர்தான் முழு அளவுல வைங்கன்னார்."

கலாமணி திரும்பினாள். லோகநாதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய வாக்குமூலம் ரத்தானது. தொண்டை அசைவின் பதிவே சாட்சியமாக ஏற்கப்பட்டது. இன்சொல்லின் முத்திரையை நிறுத்தி வைத்தார்கள். பிறகு வந்த உத்தரவில் கதவு பூட்டியிருந்தது என்று தெளிவாக இருந்தது. மேலாளர்மீதும் சூப்பர்வைசர்மீதும் வழக்குப் பதிவானது. வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கலாமணி மினதியின் அப்பாவிடம் போனில் பேசினாள். கதவு வெளியே பூட்டியிருந்ததைச் சொன்னாள். "தட்டினாளா?" என்று அவர் கேட்டார். "தட்டினா" என்றது தகரக் குரல். இந்த முறை அவர் ஆசீர்வதிக்கவில்லை. பூட்டியவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றார். அவள் சொன்னாள்.

விசாரணை நடந்த அன்று கோவையிலிருந்து திரும்பும் பேருந்தில் லோகநாதன்தான் பேசினான்.

"கெட்ட வார்த்தைய மட்டும் எடுத்துருவாங்கன்னு நெனச்சன் கலா. சத்தியமா. அந்தாளு சிரிச்சுக்கிட்டே கேட்டான், வூட்டுல ரொம்பக் கத்துவாங்களான்னு. நானும் சிரிச்சுக்கிட்டே ஆமான்னன். அவ்வளவுதான். கேஸுப் பேச்சையெல்லாம் மாத்துவானுங்கன்னு எனக்குத் தெரியாது."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வேன் விஷயத்துல..." என்று ஆரம்பித்து அவனே நிறுத்திக்கொண்டான்.

அதன்பிறகு ஊரில் எல்லோரும் கேட்டது அந்தத் தகரக் குரலைத்தான். தண்ணீர் லாரிக்காரனிடம் அவள் சண்டை போடுவது தெருமுனைவரை கேட்டது. ஆலைப் பெண்கள் தலைச்சுமை மாதிரி தங்கள் குறைகளையெல்லாம் அவளிடம் கொண்டுவந்து இறக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரியோடு அவள் பேசிச் சிரிக்கும்போது பெட்டி கரகரவென்று அதிர்ந்தது.

லோகநாதன் வாசலில் பள்ளி வேனை நிறுத்தும் சத்தம் கேட்டதும் அவள் பெட்டியை அணைப்பாள். அவன் செருப்பைக் கழற்றி, கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் இன்சொல் விழித்திருக்கும்.

"வந்துட்டீங்களா? களைப்பா இருக்கீங்களே."

முதலில் அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தான். நாளாக நாளாக அவனுக்கு உறைத்தது. அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேசினாள். அவள் என்ன பேசுகிறாள் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. கண்ணைப் பார்த்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதிக் காட்டு என்று தாளை நீட்டினான். அவள் வாங்கி மடித்து அலமாரியில் வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"அந்த இன்னொண்ணைப் போடு கலா," என்றான். "என்னை என்ன வேணும்னாலும் திட்டு. உன்ற வாயால கேட்டுக்கறன். இப்படி இருக்காத."

கலாமணி அடுப்பை அணைத்தாள். அவன் பக்கம் திரும்பி நின்றாள். கழுத்துப் பட்டைக்குள் தொண்டைத் தசைகள் இறுகின, புடைத்தன, தளர்ந்து மறுபடி இறுகின. வெகு நேரம் அவை நிற்கவே இல்லை. லோகநாதன் அந்த அசைவையே பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கான பேச்சு முழுவதும் அவன் கண்ணெதிரே அங்கே நடந்துகொண்டிருந்தது.

"வாங்க, சாப்பிடலாம்" என்றது பெட்டி.